எம்பயர் ஸ்டேட் கட்டடம்: கட்டியவர் யார், வாங்கியவர் யார், வாடகைக்கு வந்தவர் யார்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நியூயார்க் போய் வந்தவர்கள் எல்லோரிடமும் இந்தக் கட்டடத்தின் உச்சியில் நின்று எடுத்த ஒரு படம் இருக்கும். ஆனால் சுற்றுலாவுக்காக யாரும் இதைக் கட்டவில்லை. வாடகைக்கு விட்டுச் சம்பாதிக்கத்தான் கட்டினார்கள். ஒரு போர்ஷனை வாடகைக்கு விட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கட்டுவது ஒரு பாடு, ஆள் பிடிப்பது இன்னொரு பாடு. இங்கே நடந்ததும் அதுதான், அளவுதான் பெரிது. ஆகவே இந்தப் பக்கத்தில் உயரத்தைப் பற்றிக் கொஞ்சமாகவும் வாடகையைப் பற்றி நிறையவும் இருக்கும்.

இது எங்கே இருக்கிறது? எத்தனை மாடி?

மன்ஹாட்டனின் நடுப்பகுதியில், ஐந்தாம் அவென்யூவில், 33ஆம் தெருவுக்கும் 34ஆம் தெருவுக்கும் இடையில். கதவு எண் 350. கூரை வரை 1,250 அடி, ஆன்டெனாவின் நுனி வரை 1,454 அடி. மாடிக் கணக்கு 102 என்பார்கள். அதில் அலுவலகம் இருப்பது 85ஆம் மாடி வரைதான். 86ஆம் மாடி பார்வைத்தளம். அதற்கு மேலே இருப்பது ஓர் உலோகக் கோபுரம். அதையும் 16 மாடி என்று கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். அது ஏன் வந்தது என்பது பின்னால் வருகிறது.

அந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது?

18ஆம் நூற்றாண்டின் கடைசியில் அது விவசாய நிலம். பிறகு நியூயார்க்கின் பெரும் பணக்காரர்களான ஆஸ்டர் குடும்பத்தின் கைக்கு வந்தது. அந்தக் குடும்பத்தின் இரு கிளைகள் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஹோட்டல்களைக் கட்டின: 1893இல் வால்டார்ஃப், 1897இல் அஸ்டோரியா. இரண்டும் சேர்ந்து வால்டார்ஃப்-அஸ்டோரியா ஆனது. ஊரின் பெரிய மனிதர்கள் கூடும் இடம் அது. 1912இல் டைட்டானிக் மூழ்கியதும் அமெரிக்க செனட்டின் விசாரணை தொடங்கியது இந்த ஹோட்டலில்தான்.

1920களில் பணக்காரர்கள் வடக்கே நகர்ந்துவிட்டார்கள். ஹோட்டல் பழசாகிவிட்டது. 1929 மே மாதம் மூடினார்கள். இன்று அதே பெயரில் பார்க் அவென்யூவில் இருப்பது பிறகு கட்டியது.

கட்டியது யார்?

மனையை முதலில் வாங்கியவர் ஃபிளாய்ட் பிரவுன் என்ற டெவலப்பர். 50 மாடி கட்டுவதாக இருந்தார். தவணைப் பணம் கட்ட முடியாமல் கைவிட்டுப் போனார். அந்த இடைவெளியில் உள்ளே வந்தவர் ஜான் ஜேக்கப் ராஸ்கோப். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் நிதிப் பொறுப்பில் இருந்து பெரும் பணம் பார்த்தவர். ரசாயனத் தொழிலில் பெரும் செல்வந்தர்களான டியூ பாண்ட் குடும்பத்தினரையும் சேர்த்துக்கொண்டார். முன்னால் நிறுத்திய முகம், நியூயார்க் மாநிலத்தின் முன்னாள் ஆளுநர் ஆல் ஸ்மித். நான்கு முறை ஆளுநராக இருந்து, 1928 அதிபர் தேர்தலில் ஹெர்பர்ட் ஹூவரிடம் தோற்றவர். ஊரே அறிந்த மனிதர், கையில் வேலை இல்லை. ஆண்டுக்கு 50,000 டாலர் சம்பளத்துக்கு நிறுவனத்தின் தலைவரானார்.

எல்லாமே சொந்தப் பணம் இல்லை. மெட்ரோபாலிட்டன் லைஃப் என்ற காப்பீட்டு நிறுவனம் 2.75 கோடி டாலர் அடமானக் கடன் கொடுத்தது. இந்தக் கடனைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பங்குச்சந்தை சரிந்த பிறகும் ஏன் நிறுத்தவில்லை?

ஹோட்டலை இடிக்கத் தொடங்கியது 1929 அக்டோபர் 1. பங்குச்சந்தை விழுந்தது அதே மாதக் கடைசியில். அதற்குள் மனைக்கும் திட்டத்துக்கும் பெரும் பணம் போய்விட்டது. பாதி இடித்த ஹோட்டலோடு நிறுத்தினால் நஷ்டம் நிச்சயம், தொடர்ந்தால் ஒருவேளை தப்பிக்கலாம். இடிந்த வீட்டை விற்பதா, கடன் வாங்கிக் கட்டி முடிப்பதா என்று திண்ணையில் உட்கார்ந்து யோசிக்கும் அதே குழப்பம்தான்.

ஒரு விதத்தில், சந்தைச் சரிவைத் தொடர்ந்து வந்த பொருளாதார மந்தநிலை கைகொடுத்தது. கூலியும் பொருளும் மலிந்துவிட்டன. கட்டடச் செலவு முதலில் போட்ட மதிப்பீட்டில் ஏறக்குறைய பாதியாக, 2.47 கோடி டாலரில் முடிந்தது. மனையையும் சேர்த்தால் 4.09 கோடி. செலவைக் குறைத்த அதே மந்தநிலைதான் வாடகைக்கு வர வேண்டியவர்களையும் அடித்துப் போட்டது என்பது அடுத்த வருடம்தான் உறைத்தது.

410 நாளில் எப்படிக் கட்டினார்கள்?

1930 மார்ச் 17இல் வேலை தொடக்கம், 1931 மே 1இல் திறப்பு விழா. ஒப்பந்தக்காரர்கள் ஸ்டாரெட் பிரதர்ஸ் அண்ட் ஈக்கன். உச்ச நாட்களில் சுமார் 3,400 பேர் ஒரே நேரத்தில் வேலை செய்தார்கள். எஃகுச் சட்டகம் வாரத்துக்கு நாலரை மாடி வீதம் ஏறியது.

வேகத்தின் சூட்சுமம் பெரும்பாலும் பொருளை நகர்த்துவதில் இருந்தது. 57,000 டன் எஃகும் ஒரு கோடி செங்கல்லும் வர வேண்டும். ஐந்தாம் அவென்யூவில் லாரியை நிறுத்திக் குவித்து வைக்க இடம் கிடையாது. எனவே செங்கல்லைத் தரையில் இறக்கவே இல்லை. லாரி வந்ததும் அப்படியே நிலவறைத் தொட்டிக்குள் கொட்டுவார்கள். அங்கிருந்து தூக்கிகளில் மேலே போகும். ஒவ்வொரு மாடியிலும் குட்டித் தண்டவாளம் போட்டு, சிறு வண்டிகளில் தள்ளிக்கொண்டு போய் வேலை நடக்கும் இடத்திலேயே கொட்டுவார்கள். சாப்பாட்டுக்கு ஆட்கள் கீழே இறங்கி ஏறினால் ஒரு மணி நேரம் போய்விடும் என்று, நடு மாடிகளிலேயே சாப்பாட்டுக் கடை வைத்தார்கள். நம் ஊர் சித்தாள் கல் சுமந்து சாரம் ஏறுவதைப் பார்த்து வளர்ந்த எனக்கு, இந்தக் கட்டடத்தின் எல்லாப் புள்ளிவிவரங்களையும்விட அந்தக் குட்டித் தண்டவாளம்தான் ஆச்சரியம்.

எஃகுச் சட்டகத்தில் நடந்தவர்களில் கனடாவின் கானவாகே பகுதியைச் சேர்ந்த மோஹாக் பழங்குடியினரும் உண்டு. அதிகாரபூர்வக் கணக்கில் இறந்த தொழிலாளர்கள் ஐந்து பேர்.

படிப்படியாக ஒடுங்கும் அந்த வடிவம் அழகுக்காகவா?

அழகு பிறகு வந்தது. முதலில் வந்தது சட்டமும் வாடகையும். 1916இல் நியூயார்க் ஒரு விதி கொண்டுவந்தது: தெருவுக்கு வெளிச்சமும் காற்றும் கிடைக்க, உயரம் ஏற ஏறக் கட்டடம் உள்வாங்க வேண்டும். மனையின் கால் பங்குப் பரப்புக்குள் ஒடுங்கிவிட்டால் அதற்கு மேல் எவ்வளவு உயரமும் போகலாம். மனை ஏறக்குறைய இரண்டு ஏக்கர் என்பதால் அந்தக் கால் பங்கே தாராளமாக இருந்தது. ஐந்து மாடி அடித்தளம் போட்டு, ஆறாம் மாடியிலிருந்து நன்றாக உள்ளே தள்ளிக் கோபுரத்தை எழுப்பிவிட்டார்கள்.

வாடகைக் கணக்கு இன்னும் சுவாரசியம். கட்டடக் கலைஞர் வில்லியம் லாம்ப், ஷ்ரீவ் லாம்ப் அண்ட் ஹார்மன் நிறுவனத்தைச் சேர்ந்தவர். ஜன்னலிலிருந்து 28 அடிக்கு மேல் எந்த அலுவலக இடமும் உள்ளே போகக் கூடாது என்பது அவர் வைத்துக்கொண்ட அளவு. ஏசி இல்லாத காலம். ஜன்னலிலிருந்து தள்ளிப் போகப் போக அறை இருட்டாகும், வாடகை குறையும். அதனால் லிஃப்ட், படி, கழிப்பறை, குழாய் எல்லாவற்றையும் நடுவில் குவித்து, அதைச் சுற்றி 28 அடிக்கு அலுவலக வளையம். மேலே போகப் போக லிஃப்டுகள் ஒவ்வொன்றாக நின்றுவிடும், நடுப்பகுதி சுருங்கும், அதோடு மாடியும் சுருங்கும்.

திறந்த அன்று யார் இருந்தார்கள்?

வாஷிங்டனில் உட்கார்ந்தபடி பொத்தானை அமுக்கி விளக்கேற்றியவர் அதிபர் ஹூவர். நியூயார்க்கில் வரவேற்றவர் அவரிடம் தோற்ற ஆல் ஸ்மித். விழாவுக்குக் கூட்டம் குறைவில்லை. வாடகைக்குத்தான் ஆள் இல்லை. நான்கில் ஒரு பங்கு இடம்கூடச் சரியாக நிரம்பவில்லை. எம்பயர் ஸ்டேட் என்ற பெயரைத் திருப்பி ‘எம்ப்டி ஸ்டேட்’, அதாவது காலி மாநிலம், என்று ஊர் கேலி செய்தது.

காலி மாடிகளில் ராத்திரியில் விளக்கைப் போட்டு வைப்பார்களாம், கீழேயிருந்து பார்ப்பவர்களுக்கு ஆள் இருப்பது போலத் தெரியட்டும் என்று. திருமண மண்டபத்தில் முன் வரிசை காலியாக இருந்தால் வீட்டு ஆட்களையே உட்கார வைப்பதில்லையா, அப்படி.

ஏன் அவ்வளவு காலி? மந்தநிலை மட்டும்தான் காரணமா?

பெரிய காரணம் அதுதான், ஆனால் இடமும் ஒரு காரணம். கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையம் எட்டுத் தெரு தள்ளி வடக்கே. பென் ஸ்டேஷன் மேற்கே சில வீதி தள்ளி. இரண்டுக்கும் நடுவில் என்று விளம்பரத்தில் சொல்லலாம், ஆனால் குளிர்காலக் காலையில் நடந்து வருபவருக்கு இரண்டும் தூரம்தான். கிரைஸ்லர் கட்டடமோ கிராண்ட் சென்ட்ரலுக்கு எதிரிலேயே நின்றது. ஐம்பதாம் தெருப் பக்கம் ராக்ஃபெல்லர் மையம் என்ற பெரிய அலுவலக வளாகம் எழும்பத் தொடங்கியிருந்தது. அந்த நாட்களில் 34ஆம் தெரு கடைவீதிப் பகுதி. வங்கிகளும் வழக்கறிஞர்களும் இருந்தது தீவின் தென்கோடியில். இருக்கும் சில வாடகைதாரர்களுக்காகப் பல புதுக் கட்டடங்கள் ஒரே நேரத்தில் கை நீட்டின.

அப்படியானால் எப்படித் தாக்குப்பிடித்தது?

மேலிருந்து தெரியும் காட்சியால். பார்வைத்தளத்துக்கு டிக்கெட் ஒரு டாலர். முதல் ஆண்டில் இந்த டிக்கெட் பணம், மொத்த அலுவலகங்களின் வாடகைக்குச் சமமாக வந்தது. கோயில் வருமானத்தைவிட வாசலில் செருப்பு பாதுகாக்கும் கடை நன்றாக ஓடியது என்பது போல.

அது போதவில்லை. 1930களின் முதல் பாதியில் ஆண்டுக்கு ஏறக்குறைய 10 லட்சம் டாலர் நஷ்டம். இங்கேதான் அந்த 2.75 கோடிக் கடன் வருகிறது. வேறு நேரமாக இருந்தால் கடன் கொடுத்தவர் ஜப்தி செய்திருப்பார். ஆனால் காலிக் கட்டடத்தை ஜப்தி செய்து காப்பீட்டு நிறுவனம் என்ன செய்யும்? வாங்க ஆள் இல்லை, வாடகைக்கு ஆள் இல்லை, சொத்து வரி மட்டும் தலையில் விழும். ஜப்தி நடக்கவில்லை. ராஸ்கோப் 1950இல் இறக்கும்வரை கட்டடம் அவர் தரப்பிடமே இருந்தது.

உச்சியில் வான்கப்பல் நிறுத்தத் திட்டமிட்டது உண்மையா?

உண்மை. ஹைட்ரஜனோ ஹீலியமோ நிரப்பிய பெரிய வான்கப்பல்கள் அட்லாண்டிக்கைக் கடந்து வந்து இங்கே கட்டப்படும், பயணிகள் பாலத்தில் இறங்கி லிஃப்டில் தெருவுக்கு வருவார்கள் என்று சொல்லி 200 அடி கோபுரம் வைத்தார்கள். அவ்வளவு உயரத்தில் காற்று அடிக்கும் வேகத்துக்கு அது நடக்கிற காரியமே இல்லை. 1931இல் ஒரு சிறிய வான்கப்பல் மூன்று நிமிடம் ஒட்டிக்கொண்டு நின்றதோடு சரி. 1,046 அடியில் நின்ற கிரைஸ்லரைத் தெளிவாக முந்த ஒரு தொப்பி வேண்டியிருந்தது, வான்கப்பல் அதற்கு ஒரு சாக்கு என்பது என் எண்ணம்.

ஆனால் அந்தத் தொப்பி வீண் போகவில்லை. வானொலியும் தொலைக்காட்சியும் அங்கே குடிவந்தன. 1931 டிசம்பரிலேயே ஆர்சிஏ என்ற வானொலி நிறுவனமும் என்பிசி என்ற ஒலிபரப்பு நிறுவனமும் அங்கிருந்து சோதனை ஒளிபரப்பைத் தொடங்கின. 1930களின் நடுவில் எட்வின் ஆம்ஸ்ட்ராங் தன் எஃப்எம் வானொலிச் சோதனைகளை 85ஆம் மாடியிலிருந்து செய்தார். 1950களின் தொடக்கத்தில் பல நிலையங்கள் பகிர்ந்துகொள்ளும் ஆன்டெனாக் கம்பம் நின்றது. 2001இல் உலக வர்த்தக மையம் விழுந்தபோது அங்கிருந்த ஒளிபரப்புச் சாதனங்களும் போயின. பல நிலையங்கள் மறுபடி இங்கேதான் வந்து சேர்ந்தன. மேசையும் நாற்காலியும் இல்லாமல் வாடகை கட்டும் வாடகைதாரர்கள் இவர்கள்.

விமானம் மோதியதாமே?

1945 ஜூலை 28, சனிக்கிழமை காலை. பனிமூட்டம். மாசசூசெட்ஸிலிருந்து வந்துகொண்டிருந்த பி-25 ராணுவ விமானம். எம்பயர் ஸ்டேட்டின் உச்சியே இங்கிருந்து தெரியவில்லை என்று லாகார்டியா விமான நிலையக் கட்டுப்பாட்டாளர் விமானிக்குச் சொன்னதாகப் பதிவு உண்டு. விமானி பக்கத்து நியூவார்க் விமான நிலையத்தை நோக்கிப் பறந்தார். 78க்கும் 80க்கும் இடைப்பட்ட மாடிகளில், வடக்குச் சுவரில் மோதியது. விமானத்தில் மூவர், கட்டடத்தில் 11 பேர், மொத்தம் 14 பேர் இறந்தார்கள். 79ஆம் மாடியில் இருந்தது கத்தோலிக்கப் போர் நிவாரண அலுவலகம். சனிக்கிழமையும் வேலைக்கு வந்திருந்த அதன் ஊழியர்கள்தான் அதிகம் பலியானது. ஒரு எஞ்சின் கட்டடத்தைத் துளைத்து மறுபக்கம் வெளியேறிப் பக்கத்துக் கட்டடத்தின் கூரையில் விழுந்தது.

லிஃப்ட் இயக்குபவரான பெட்டி லூ ஆலிவர் தீக்காயம் பட்டார். முதலுதவி செய்து இன்னொரு லிஃப்டில் ஏற்றிக் கீழே அனுப்பினார்கள். அதன் கம்பிகளும் விமானம் மோதியதில் அறுபட்டிருந்தன. அவரோடு அந்த லிஃப்ட் 75 மாடி கீழே விழுந்தது. அறுந்த கம்பிகள் அடியில் சுருண்டு மெத்தை போலத் தாங்கியதும், குழாய் போன்ற அந்தப் பள்ளத்தில் அழுத்தப்பட்ட காற்று வேகத்தைக் குறைத்ததும் காரணம் என்கிறார்கள். அவர் பிழைத்தார். சில மாதம் கழித்துத் திரும்பி வந்து அதே கட்டடத்தில் லிஃப்டில் ஏறியும் பார்த்தார்.

தீ நாற்பது நிமிடத்தில் அணைந்தது. திங்கட்கிழமை பல மாடிகள் வேலைக்குத் திறந்துவிட்டன. அதுவரை அமெரிக்க மத்திய அரசின் மீது நஷ்டஈடு கேட்டுக் குடிமக்கள் எளிதாக வழக்குப் போட முடியாது. 1946இல் வந்த சட்டம் அதை மாற்றியது. 1945 ஜனவரி முதலே அது செல்லும் என்று வைத்ததால் இந்த விபத்தில் பாதிக்கப்பட்டவர்களும் வழக்குப் போட முடிந்தது.

எப்போதுதான் லாபம் வந்தது?

போர்க்காலத்தில் அரசு அலுவலகங்கள் இடம் கேட்டு வந்தன. போர் முடிந்து வியாபாரம் சூடு பிடித்தது. கட்டடம் ஒழுங்காக லாபம் காட்டியது 1950களின் தொடக்கத்தில். கட்ட 410 நாள், காசு பார்க்க ஏறக்குறைய 20 வருடம்.

இன்று யாருக்குச் சொந்தம்? ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொரு பெயர் இருக்கிறதே?

இதுதான் எல்லோரும் குழம்பும் இடம். ஸ்ரீரங்கத்திலோ மயிலாப்பூரிலோ கோயில் மனையில் வீடு கட்டியிருப்பவர்களுக்குச் சட்டென்று புரியும்: அடிமனை ஒருவருக்கு, மேல்கட்டடம் ஒருவருக்கு, உள்ளே குடியிருப்பவர் வேறு ஒருவர்.

1951இல் ரோஜர் ஸ்டீவன்ஸ் தலைமையிலான குழு 5.1 கோடி டாலருக்கு வாங்கியது. ஒற்றைக் கட்டடத்துக்கு அதுவரை யாரும் அவ்வளவு கொடுத்ததில்லை. அந்தப் பணத்தைத் திரட்ட, மனையை மட்டும் 1.7 கோடிக்கு புருடென்ஷியல் காப்பீட்டு நிறுவனத்துக்கு விற்று, அதையே நீண்ட குத்தகைக்கு எடுத்துக்கொண்டார்கள். பிறகு சிகாகோ தொழிலதிபர் ஹென்றி கிரவுன் கைக்குப் போனது.

1961இல் வழக்கறிஞர் லாரன்ஸ் வீன், ரியல் எஸ்டேட் அதிபர் ஹாரி ஹெல்ம்ஸ்லியோடு சேர்ந்து 6.5 கோடிக்கு ஒரு விற்பனையை முடித்தார். அவர் பணம் திரட்டிய விதம்தான் விசேஷம். ஆளுக்கு 10,000 டாலர் பங்கு, சுமார் 3,300 பேர், ஆக 3.3 கோடி. கட்டடத்தையும் புருடென்ஷியலே வாங்கிக்கொண்டு, 114 ஆண்டுக் குத்தகைக்கு இவர்களிடம் விட்டது. இவர்கள் ஹெல்ம்ஸ்லியின் நிறுவனத்துக்கு உள்குத்தகை விட்டார்கள். அந்த நிறுவனம் அலுவலகங்களுக்கு வாடகைக்கு விட்டது. மேலிருந்து கீழே எண்ணினால் நான்கு அடுக்கு.

1991இல் புருடென்ஷியல் தன் உரிமையை விற்றபோது வாங்கியது ஜப்பானியத் தொழிலதிபர் ஹிடேகி யோகோய் தரப்பு. கொடுத்தது 4 கோடி டாலர் அளவுதான். உலகப் புகழ் பெற்ற கட்டடம் இவ்வளவு மலிவா என்றால், ஆமாம். வாங்கியவருக்குக் கிடைத்தது பட்டாவும், ஆண்டுக்கு 19 லட்சம் டாலர் போன்ற ஒரு சில்லறை வாடகையும்தான். குத்தகை முடிய இன்னும் எண்பது வருடத்துக்கு மேல் இருந்தது. 1994இல் டொனால்ட் டிரம்ப் இதில் பாதிப் பங்கு சேர்ந்தார். கட்டடத்தைச் சரியாகப் பராமரிக்கவில்லை, குத்தகையை ரத்து செய்யுங்கள் என்று வழக்குப் போட்டார்கள். நீதிமன்றம் ஏற்கவில்லை. 2002இல் அந்தப் பட்டாவை 5.75 கோடி டாலருக்கு வாங்கியது குத்தகைதாரர் தரப்பேதான். முன்னின்று நடத்தியவர் வீனின் மருமகன் பீட்டர் மால்கின். ஐம்பது வருடம் பிரிந்திருந்த அடிமனையும் மேல்கட்டடமும் ஒரே தரப்பில் சேர்ந்தன.

2013 அக்டோபரில் எம்பயர் ஸ்டேட் ரியால்டி டிரஸ்ட் என்ற பெயரில் பங்குச்சந்தைக்கு வந்தது. 1961இல் 10,000 டாலர் போட்டவர்களின் பிள்ளைகளும் பேரர்களும் பலர் இதை எதிர்த்தார்கள். மாதா மாதம் வந்த பணம் நின்று பங்கு விலையோடு ஆட வேண்டுமே என்ற கவலை. வழக்குகள் நடந்து, சமரசமாகி, பட்டியலிடப்பட்டது. 2016இல் கத்தார் அரசின் முதலீட்டு அமைப்பு 62.2 கோடி டாலர் போட்டு 9.9 சதவீதப் பங்கு வாங்கியது. இன்று அந்தப் பங்கு ஒன்றை நீங்களும் வாங்கலாம், ஒரு செங்கல்லுக்கு நானும் சொந்தக்காரன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

இத்தனை மாடியிலும் யார்தான் இருக்கிறார்கள்?

நெடுங்காலம் சின்ன ஆட்கள்தான். ஒரு மாடியை முழுதாக எடுக்கும் பெரிய நிறுவனங்கள் 1930களில் வராததால், மாடியைத் துண்டு துண்டாக நறுக்கி விட்டார்கள். துணி, காலணி வியாபாரிகள், ஏற்றுமதி ஏஜெண்டுகள், இரண்டு அறை வைத்திருந்த வழக்கறிஞர்கள். ஒரு கட்டத்தில் ஆயிரம் நிறுவனங்கள் வரை. சிறு வியாபாரிக்கு அறையைவிட முகவரி முக்கியம். லெட்டர்ஹெட்டில் ‘350, ஐந்தாம் அவென்யூ’ என்று இருந்தால் போதும்.

2000களின் நடுவில் மால்கின் தரப்பு இதைத் திருப்பிப் போட்டது. சிறு குத்தகைகள் முடிய முடியப் புதுப்பிக்காமல், நறுக்கிய சுவர்களை இடித்து முழு மாடிகளாக்கினார்கள். 2008இல் ஸ்கான்ஸ்கா கட்டுமான நிறுவனம் 32ஆம் மாடியை முழுதாக எடுத்தது. பிறகு லிங்க்ட்இன், ஷட்டர்ஸ்டாக், வாசனைத் திரவிய நிறுவனமான கோட்டி, வங்கி வைப்புகளுக்குக் காப்பீடு தரும் மத்திய அரசு அமைப்பு என்று வந்தார்கள். மனித உரிமை அமைப்பான ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் பல ஆண்டுகளாக அங்கே இருந்தது.

ஆயிரம் சிறு வாடகைதாரரா, நூற்றைம்பது பெரிய வாடகைதாரரா, எது நல்லது? கணக்கப்பிள்ளையைக் கேட்டால் பெரியவர்கள் என்பார். ஒரே காசோலை, பத்து வருட ஒப்பந்தம். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. யாரும் வராத காலத்தில் அந்தக் கட்டடத்துக்கு விளக்கேற்றியவர்கள் சிறியவர்கள்தான். பெரியவர் ஒருவர் காலி செய்தால் ஒரேயடியாகப் பல மாடி இருட்டாகும்.

ஜன்னல்களை மாற்றினார்கள் என்று படித்தேன். அதில் என்ன செய்தி?

மாற்றவில்லை என்பதுதான் செய்தி. 2009 வாக்கில் தொடங்கிய புதுப்பிப்பில், 6,514 ஜன்னல்களையும் தூக்கி எறியாமல், ஐந்தாம் மாடியிலேயே ஒரு பட்டறை போட்டார்கள். ராத்திரி ஒரு ஜன்னலைக் கழற்றி அங்கே கொண்டுபோவார்கள். இரண்டு கண்ணாடிகளையும் பிரித்து, கழுவி, நடுவில் வெப்பத்தைத் தடுக்கும் மெல்லிய படலம் ஒன்றை நீட்டிக் கட்டி, இடைவெளியில் வாயு நிரப்பி மூடித் திரும்பப் பொருத்துவார்கள். காலையில் வேலைக்கு வருபவருக்கு எதுவும் தெரியாது. ஆயிரக்கணக்கான வெப்பமூட்டிகளுக்குப் பின்னால், சுவரைச் சூடாக்கி வீணாகும் வெப்பத்தை அறைக்குள் திருப்பத் தடுப்பு வைத்தார்கள். எல்லா வேலையும் சேர்ந்து எரிசக்திச் செலவில் 38 சதவீதம், அதாவது ஆண்டுக்கு 44 லட்சம் டாலர் மிச்சமாகும் என்பது திட்டம். பெரிய நிறுவனங்கள் வாடகைக்கு வந்ததில் இதற்கும் பங்கு உண்டு. கரண்டு பில் குறைவு என்றால் யாருக்குத்தான் பிடிக்காது?

இன்றும் பார்வைத்தளம்தான் சோறு போடுகிறதா?

பாதிச் சோறு என்று சொல்லலாம். 2019இல் பார்வைத்தளத்தில் மட்டும் 12 கோடி டாலருக்கு மேல் வருமானம். அப்புறம் கொரோனா வந்தது. 2020 மார்ச்சில் மூடிய பார்வைத்தளம் ஜூலையில் திறந்தபோது விமானமும் இல்லை, சுற்றுலாக்காரரும் இல்லை. அந்த ஆண்டு வருமானத்தில் பெரும்பகுதி காணாமல் போனது. அலுவலகங்களிலும் ஆள் இல்லைதான், எல்லோரும் வீட்டில் உட்கார்ந்து வேலை பார்த்தார்கள். ஆனால் நீண்ட கால ஒப்பந்தம் போட்டவர்கள் வராத மேசைக்கும் வாடகை கட்டினார்கள். 1931இல் காலி மாடிகளைக் காட்சி காப்பாற்றியது, 2020இல் காலிப் பார்வைத்தளத்தைக் குத்தகைப் பத்திரம் காப்பாற்றியது.

ராத்திரியில் விளக்கு நிறம் மாறுகிறதே, யார் முடிவு செய்கிறார்கள்?

கட்டட நிர்வாகம். வண்ண விளக்கு வழக்கம் 1976இல் வந்தது, எல்இடி 2012இல். தீபாவளிக்கு ஆரஞ்சு நிறம் போட்டதுண்டு.

அங்கே ஒரு சின்ன அறை வாடகைக்குக் கிடைக்குமா?

ஒற்றை அறைக் காலம் போய்விட்டது. ஆனால் சுவர், விளக்கு, சமையல் மேடை எல்லாம் தயாராக வைத்துத் தரும் நடுத்தர அளவு அலுவலகங்கள் உண்டு.

கடிதம் போட வேண்டுமென்றால்?

கட்டடத்துக்கென்றே தனி அஞ்சல் குறியீடு இருக்கிறது: 10118. மாடி எண்ணை எழுத மறந்துவிடாதீர்கள்.